ஒரு கிருமியும் மிஞ்சவில்லை என்பதை எவ்வாறு அறிகிறோம்?



கணவரின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேளையில் உடனிருந்த அம்மையார் ஒருவர் எங்கள் செவிலியரிடம் ஒரு வினா எழுப்பினார். பிரிக்கப்படவிருந்த துணிப்பொதியின்மேல் ஒட்டியிருந்த பட்டையில் கோடுகள் கறுத்திருந்தன. அவை கறுத்திருந்தால்தான் பொதியைப் பிரிக்கலாம் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தோம். அவர் கேட்டார்: “கோடு கறுத்தது சரி. உள்ளே ஒரு கிருமியும் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கிருமிதான் கண்ணுக்கே தெரியாதே?”

நல்ல வினா. இதற்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. சர்க்கரை நோயால் ஆறாத புண்ணுடன் இருப்பவர்க்கும், பிள்ளைபெற்ற தாய்க்கும், அறுவை முடிந்து படுத்திருப்பவர்க்கும் இந்த விடையின்மீதே உயிர் தங்கியிருக்கிறது. ஆகவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

முதலில் சொற்களைப் பிரித்தறிவோம். அழுக்கு, குருதி, சீழ் ஆகியவற்றை நீரும் சோப்பும் கொண்டு தேய்த்து அகற்றுவது தூய்மைப்படுத்தல். நோய் விளைவிக்கும் நுண்ணுயிரிகளைத் தீங்கற்ற அளவுக்குக் குறைப்பது தொற்றுநீக்கம். ஸ்போர் எனப்படும் தடித்த உறையுடைய உறங்குநிலை வித்துக்கள் உட்பட எல்லா நுண்ணுயிரிகளையும் ஒழிப்பது முழுக் கிருமிநீக்கம். மருத்துவமனையில் இதனை ‘ஸ்டெரிலைசேஷன்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எந்தப் பொருளுக்கு எது வேண்டும் என்பதற்கு அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ஏர்ல் ஸ்பால்டிங் வகுத்த எளிய நெறி இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. உடலின் உள்ளே, குருதியிலோ தசையிலோ நுழையும் கருவிக்கு முழுக் கிருமிநீக்கம் வேண்டும். வாய், குடல் போன்றவற்றின் ஈரச்சவ்வைத் தொடும் உள்நோக்கிக் குழாய்க்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் வேண்டும். தோலை மட்டும் தொடும் இரத்த அழுத்தப் பட்டைக்கும் கட்டிலின் கைப்பிடிக்கும் தூய்மையும் எளிய தொற்றுநீக்கமும் போதும். எல்லாவற்றையும் ஒரே மருந்துநீரில் முக்கி எடுத்தால் போதும் என்று எண்ணுவது தவறு.

கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவது

காடாம்புலியூர், பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எண்ணித் தரம் பிரிக்கும் வேலை புதிதன்று. முந்திரிப்பருப்பில் ‘டபிள்யூ 320’ என்றால் ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், 300 முதல் 320 வரை முழுப்பருப்புகள் இருக்கும் என்று பொருள். வணிகர் மூட்டை முழுவதையும் எண்ணுவதில்லை. ஓர் அளவு எடுத்து எண்ணி, அதைக் கொண்டு மூட்டையின் தரத்தைச் சொல்கிறார்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் அதுவே. ஒரு மில்லிலிட்டர் மாதிரியை எடுத்து, அதை 9 மில்லிலிட்டர் தூய நீர்மத்தில் கலந்தால் அது பத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடும். அவ்வாறே மீண்டும் மீண்டும் நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் சிறிதளவை ஊட்டமுள்ள அகர் தட்டில் பரப்பி, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறோம். உயிருள்ள ஒவ்வொரு நுண்ணுயிரியும் பெருகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளியாகத் தோன்றுகிறது. புள்ளிகளை எண்ணி, எத்தனை மடங்கு நீர்த்தோமோ அத்தனை மடங்கால் பெருக்கினால் முதலில் இருந்த எண்ணிக்கை கிடைக்கும். மருந்து இடுவதற்கு முன்னும் பின்னும் இவ்வாறு எண்ணினால், மருந்தின் வலிமை வெளிப்படும்.

99.9 விழுக்காடு என்பதன் பொருள்

கடையில் வாங்கும் தொற்றுநீக்கிப் புட்டிகளில் ‘99.9 விழுக்காடு கிருமிகளை அழிக்கும்’ என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். கேட்பதற்கு ஏறக்குறைய நூறு போலவே தோன்றும். ஆனால் எண்ணிப் பார்ப்போம். ஒரு பரப்பில் 10 லட்சம் நுண்ணுயிரிகள் இருந்தன என்றால், 99.9 விழுக்காடு அழிந்தபின்னும் 1,000 மிஞ்சுகின்றன. ஈரமும் உணவும் வெதுவெதுப்பும் கிடைத்தால், சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பத்து முறை இரட்டித்தால் 1,000 என்பது 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கு ஆகும் நேரம் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். காலையில் துடைத்த ஈரமேசை, உலராமல் அப்படியே கிடந்தால் நண்பகலுக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

ஆகவே நுண்ணுயிரியலார் விழுக்காட்டைவிடப் பத்தின் படிகளைக் கொண்டே பேசுகின்றனர். பள்ளியில் மடக்கை என்று படித்தோமே, அதுதான். பத்தில் ஒன்பது அழிந்தால் ஒரு படி. இதனை ‘ஒரு லாக் குறைவு’ என்பர். 99 விழுக்காடு இரண்டு படி; 99.9 விழுக்காடு மூன்று படி; 99.9999 விழுக்காடு ஆறு படி. விழுக்காட்டில் பார்த்தால் மூன்றாம் படிக்கும் ஆறாம் படிக்கும் இடையே வேறுபாடே இல்லாததுபோல் தோன்றும். மிஞ்சுவதைப் பார்த்தால் ஓரிடத்தில் ஆயிரம், மற்றோரிடத்தில் ஒன்று. நோயாளியின் புண்ணுக்கு அழிந்தவை ஒரு பொருட்டல்ல, மிஞ்சியவையே பொருட்டு.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. தொடக்கத்தில் 10 லட்சம் இருந்த இடத்தில் நன்றாகத் தேய்த்துக் கழுவி 10 ஆயிரமாகக் குறைத்துவிட்டால், அதே மருந்து அதே மூன்று படி குறைத்தபின் மிஞ்சுவது 10 மட்டுமே. கழுவாமல் மருந்தில் முக்கினால், உலர்ந்த குருதியும் சீழும் கிருமிக்குக் கவசமாக நின்று மருந்தின் வலிமையையும் உறிஞ்சிவிடுகின்றன. கழுவாத கருவியைக் கிருமிநீக்கம் செய்யவே இயலாது என்பது எங்கள் கருவித்தூய்மைப் பிரிவில் முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம்.

நேரமும் மருந்தே

1908-ஆம் ஆண்டில் ஹாரியட் சிக் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர், தொற்றுநீக்கியில் நுண்ணுயிரிகள் ஒரே நொடியில் மடிவதில்லை என்பதையும், அவை ஓர் ஒழுங்கான விகிதத்தில் குறைகின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார். ஒரு நிமிடத்தில் பத்தில் ஒன்பது மடிந்தால், அடுத்த நிமிடத்தில் மிஞ்சியவற்றுள் பத்தில் ஒன்பது மடியும்; அதற்கடுத்த நிமிடத்திலும் அவ்வாறே. ஒரு படி குறைவதற்கு ஆகும் இந்த நேரத்தை இன்று ‘டி மதிப்பு’ என்கிறோம். ஆகவே மருந்துநீரில் 10 நிமிடம் ஊறவேண்டிய பொருளை 5 நிமிடத்தில் எடுத்தால் பாதிப் பயன் கிடைக்கும் என்று எண்ணலாகாது. ஆறு படி இறங்கவேண்டிய இடத்தில் மூன்று படியே இறங்கினால், மிஞ்சும் கிருமிகள் இருமடங்கு அல்ல, ஆயிரம் மடங்கு.

சில வித்துக்களுக்கு நேரம் மிக நீளும். உள்நோக்கிக் குழாய்களுக்குப் பயன்படும் 2 விழுக்காட்டுக் குளூட்டரால்டிகைடு கரைசல் 20 நிமிடத்தில் உயர்நிலைத் தொற்றுநீக்கம் செய்யும். ஸ்போர்களையும் அழிக்கவேண்டுமெனில் அதே கரைசலில் 10 மணி நேரம் மூழ்கியிருக்கவேண்டும்.

பத்து லட்சத்தில் ஒன்று

அறுவைக் கருவிகளை நீராவி அழுத்தக் கலனில், அதாவது ஆட்டோகிளேவில் வைக்கிறோம். வீட்டுக் குக்கரின் மூத்த உறவு அது. 121 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் என்பது பொதுவான அளவு. கருவி சூடேறவும் உலரவும் ஆகும் நேரம் தனி.

முழுக் கிருமிநீக்கத்துக்கு உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல், கிருமி நீக்கிய 10 லட்சம் பொருள்களில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள நுண்ணுயிரி இருக்கும் வாய்ப்பு இருத்தலாகாது என்பதாகும். இதனை எவ்வாறு நிறுவுவது? 10 லட்சம் பொருள்களை எடுத்துச் சோதிக்க இயலாது. சோதிக்கப் பிரித்த பொதி நோயாளிக்குப் பயன்படாது. ஆகையால் வல்லுநர் ஒரு வழி கண்டனர். வெப்பத்தைத் தாங்குவதில் பெயர்பெற்ற ஒரு நுண்ணுயிரியின் ஸ்போர்கள் 10 லட்சத்தை உள்ளே வைத்து, பாதி நேரத்தில் அவை ஒன்று என்ற அளவுக்கு இறங்குகின்றன என்று காட்டுவர். அது ஆறு படி. பின்னர் நேரத்தை இருமடங்காக்குவர். அது பன்னிரண்டு படி. கணக்கில் மிஞ்சுவது ஒரு நுண்ணுயிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உயிரில் அப்படியொரு பங்கு கிடையாது. எனவே அது வாய்ப்பைக் குறிக்கிறது: பத்து லட்சம் முறையில் ஒரு முறை.

கறுத்த கோடு சொல்வதும் சொல்லாததும்

இனி அந்த அம்மையாரின் வினாவுக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் கலன் சரியாக இயங்கியதா என்பதற்கு மூன்று சான்றுகளைத் தேடுகிறோம்.

முதலாவது, கலனின் அளவிகள் காட்டும் வெப்பம், அழுத்தம், நேரம் ஆகியவற்றின் பதிவு. 

இரண்டாவது, வேதியியல் சான்று. பொதியின் வெளியே ஒட்டிய பட்டை அந்தப் பொதி வெப்பக் கலனுக்குள் சென்று வந்தது என்பதை மட்டுமே காட்டும். பொதியின் நடுவே நீராவி எட்டியதா என்பதை அது அறியாது. அதற்காகப் பொதிக்குள்ளேயும் ஒரு காட்டியை வைக்கிறோம். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வகைக் கலனில், காற்று முழுவதும் நீங்கி நீராவி எங்கும் ஊடுருவுகிறதா என்பதை நாள்தோறும் முதல் சுற்றில் ‘போவி–டிக்’ சோதனையால் பார்க்கிறோம். 1963-இல் அதை உருவாக்கிய இருவரின் பெயரே சோதனைக்கும் ஆயிற்று.

மூன்றாவது, உயிரியல் சான்று. இதுவே மிகவும் நம்பத்தக்கது. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்னும் அந்த வலிய நுண்ணுயிரியின் ஸ்போர்கள் அடைத்த சிறு குப்பியைக் கருவிகளோடு சேர்த்துக் கலனுள் வைக்கிறோம். பின்னர் எடுத்து, அது விரும்பும் 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் பேணுகிறோம். ஒரு ஸ்போர் பிழைத்திருந்தாலும் அது வளர்ந்து, குப்பியின் ஊதாநிற நீர்மத்தை மஞ்சளாக மாற்றிவிடும். ஊதாவாகவே நின்றால் கலன் தேறியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குப்பியில் இருந்த ஸ்போர்கள் பழையனவாகி முன்னமே செத்துப்போயிருந்தால்? அப்போதும் நிறம் மாறாது; நாமோ கலன் நன்றாக இயங்கியதாக மகிழ்ந்துவிடுவோம். ஆகவே அதே தொகுதியைச் சேர்ந்த மற்றொரு குப்பியைக் கலனுள் வைக்காமல் அருகிலேயே வளர்க்கிறோம். அது கட்டாயம் மஞ்சளாகவேண்டும். ஒன்று மாறியும் மற்றொன்று மாறாமலும் இருந்தால்தான் சோதனை செல்லும்.

செத்ததா, உறங்குகிறதா?

தொற்றுநீக்கிகளை அளப்பதில் தொடக்ககால அறிஞர்களே ஏமாந்ததுண்டு. 1881-இல் ராபர்ட் கோக் பட்டுநூல்களில் ஆந்த்ராக்ஸ் ஸ்போர்களை ஏற்றி, அவற்றைப் பல மருந்துகளில் நனைத்து, பின்பு வளர்கின்றனவா என்று பார்த்தார். பாதரசக் குளோரைடு மிக வலியது என்று தோன்றியது. 1889-இல் கெப்பர்ட் என்பவர், நூலில் ஒட்டிய பாதரசத்தை அம்மோனியம் சல்பைடால் செயலிழக்கச் செய்தபின் வளர்த்துப் பார்த்தார். செத்ததாகக் கருதப்பட்டவை வளர்ந்தன. மருந்து அவற்றைக் கொல்லவில்லை. வளரவிடாமல் தடுத்து மட்டுமே வைத்திருந்தது. அன்றிலிருந்து, மாதிரியில் ஒட்டியிருக்கும் மருந்தை முறித்தபின்பே எண்ணவேண்டும் என்பது விதியாயிற்று. குளோரின் கலந்த நீரைச் சோதிக்கும் புட்டியில் முன்னமே சோடியம் தயோசல்பேட் இட்டு வைப்பது இதனால்தான்.

தரை துடைக்கும் வாளியில் உள்ள மருந்துநீருக்கும் ஒரு சோதனை உண்டு. பயன்பாட்டில் உள்ள நீரிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து, 9 மில்லிலிட்டர் நீர்மத்தில் கலந்து, அதிலிருந்து பத்துத் துளிகளை ஒரு தட்டிலும் பத்துத் துளிகளை மற்றொரு தட்டிலும் இடுவர். ஒன்றை 37 டிகிரியில் மூன்று நாளும், மற்றொன்றை அறை வெப்பத்தில் ஏழு நாளும் வைப்பர். ஏதேனும் ஒரு தட்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் தோன்றினால் அந்த மருந்துநீர் தோற்றது என்று பொருள். கிருமியைக் கொல்ல வைத்த நீரே கிருமியைச் சுமந்து திரிந்திருக்கிறது.

முல்கோவாலில் ஓர் இடுக்கி

அளவுகோல் எல்லாம் சரியாயிருந்தும் கடைசிக் கையில் பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்குக் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். டெட்டனஸ் கிருமியும் ஸ்போர் உருவாக்கும் கிருமியே. பழி, மும்பையில் தடுப்பூசி செய்த ஹாஃப்கின் மீது விழுந்தது. பின்னர் வெளிப்பட்ட செய்தி வேறு. புட்டியைத் திறக்கும்போது இடுக்கி தரையில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டாமல் கார்பாலிக் நீரில் அலசியதோடு நிறுத்திவிட்டனர். ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் ஹாஃப்கினுக்காக வாதாடினர். 1907-இல் அவர்மீதிருந்த பழி நீங்கியது.

முழுக் கிருமிநீக்கம் வேண்டிய இடத்தில் தொற்றுநீக்கம் செய்ததே அங்கு நிகழ்ந்த பிழை. இப்பிழை எந்தக் காலத்திலும் எந்த வார்டிலும் நிகழக்கூடும். அதனால்தான், கட்டு மாற்றும்போது இடுக்கி கீழே விழுந்தால் செவிலியர் அதைத் துடைத்துப் பயன்படுத்தாமல் புதிய பொதியைப் பிரிக்கிறார். சற்றுக் காத்திருக்க நேர்ந்தால் பொறுத்தருள்க.

கடைசி அளவுகோல்

புள்ளிகளும் குப்பிகளும் சொல்வது ஒரு பாதி. நலமாக வீடு திரும்பிய நோயாளி மறுபாதி. நம் வட்டாரத்து முதியோர் பலர் கண்புரை அறுவைக்காக அரவிந்த் கண் மருத்துவமனையை நாடுவர். அங்குள்ள மருத்துவர்கள் ஒழுங்குபடுத்திய கிருமிநீக்க முறைகளைப் பின்பற்றித் தொடர்ச்சியாகச் செய்த 42,000-க்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். கண்ணின் உட்புறத்தைத் தாக்கும் கடும்தொற்று, நூற்றுக்கு 0.09 என்ற அளவில், அதாவது ஏறத்தாழ ஆயிரத்து நூறு பேரில் ஒருவருக்கே நேர்ந்திருந்தது. ஒவ்வொரு கண்ணையும் எண்ணியதால்தான் இதனைச் சொல்ல முடிந்தது. ஆகவே புண் சிவந்தாலோ சீழ் வந்தாலோ எங்களிடம் தவறாமல் தெரிவியுங்கள். அது குறைகூறல் ஆகாது. எங்கள் அளவீட்டில் உங்கள் பங்கு.

2004 சுனாமிக்குப் பின் நம் கடலூர் மாவட்டக் கடலோரத்தில் குடிநீரில் குளோரின் கலந்ததோடு பணி முடியவில்லை. குழாய்முனையில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று பார்ப்பதே பாதுகாப்புக்குச் சான்று. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தரநிலை. இட்ட அளவை நம்பாமல் எஞ்சிய அளவைப் பார்ப்பது தண்ணீருக்கும் பொருந்தும், கருவிக்கும் பொருந்தும்.

வீட்டில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலில் கழுவுக, பின்னரே மருந்திடுக. அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து வீண்.

2. புட்டியில் குறித்த நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்கட்டும். தெளித்த கையோடு துடைத்துவிடாதீர்கள்.

3. குருதி சிந்திய இடத்தில் துணியிட்டு மூடி, 1 விழுக்காட்டுக் குளோரின் கரைசலை ஊற்றிப் 10 நிமிடம் விடுக. ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்தால் இக்கரைசல் கிடைக்கும். நாள்தோறும் புதிதாகக் கலக்குக. திறந்து கிடந்த பவுடர் வலிமை இழந்திருக்கும். அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும்.

4. கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடி வரை கழுவுக. ஆல்கஹால் தேய்ப்பான் எனில் 20 முதல் 30 நொடி. ஆல்கஹால் ஸ்போர்களைக் கொல்லாது. வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பேணும்போது சோப்பும் நீருமே சிறந்தவை.

5. குடிநீர் தளதளவெனக் கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். எல்லா ஸ்போர்களையும் கொல்லாது. ஆகவே ஊசியையோ அறுவைக் கருவியையோ வீட்டில் கொதிக்கவைத்து மீண்டும் பயன்படுத்தலாகாது.

6. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கட்டுத்துணிப் பொதி கிழிந்திருந்தாலும், நனைந்திருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொண்டுவருக. கோடு கறுத்திருந்தாலும் நனைந்த பொதி தூயதன்று.

அந்த அம்மையாருக்குச் செவிலியர் அன்று சொன்ன விடை சுருக்கமானது. கோடு, பொதி கலனுக்குள் சென்று வந்ததைச் சொல்கிறது. உள்ளிருக்கும் காட்டி, நீராவி எட்டியதைச் சொல்கிறது. குப்பி, ஸ்போர்களும் மடிந்ததைச் சொல்கிறது. இம்மூன்றும் சேர்ந்து தருவது பத்து லட்சத்தில் ஒன்று என்னும் உறுதி. அதன்பின் பொதியைத் திறக்கும் கை தூயதாக இருக்கவேண்டும். அம்மையார் அதைக் கேட்டபின், கட்டிலருகே வருமுன் தம் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாளும் அவ்வாறே வந்தார்.

ஐயம் எழும்போது கேளுங்கள். நீங்கள் கேட்பதற்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.